அம்மா சும்மாதான் இருக்காங்க!



போன வாரம் அம்மாவை வங்கிக்கு அழைத்துப் போயிருந்தேன். கே.ஒய்.சி. புதுப்பிக்கச் சொல்லி மூன்று முறை எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது. பெயர், முகவரி, ஆதார், பான் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாயிற்று. கவுன்ட்டரில் இருந்த பெண் படிவத்தைப் புரட்டிவிட்டு, "சார், தொழில்னு இருக்கிற இடத்துல ஒண்ணும் எழுதலையே. அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. "சும்மாதாங்க இருக்காங்க. வீட்லதான்" என்றேன்.

அவரும் யோசிக்கவில்லை. தலையாட்டிவிட்டு எதையோ டிக் செய்தார். அம்மா மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டு, டோக்கன் நம்பர் ஓடும் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "தம்பி, அப்படியே மாவு மில் பக்கம் வண்டியை விடு. மிளகாய் அரைக்கணும்" என்றார். காலையிலேயே டின்னைக் கொண்டுவந்து வண்டியில் வைத்திருக்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை.

மில்லில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அம்மா நேராக மெஷின் பக்கம் போனார். "இதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க?" "வெறும் மிளகாய்தாம்மா." "அப்ப முதல்ல ஒரு கை மல்லியை மட்டும் ஓட்டித் தனியா எடுத்துடுங்க. அந்தக் காரம் இதுல சேர்ந்தா குழம்பு வாயில வைக்க முடியாது."

அந்த டின்னுக்குள் இருந்தது மூன்று நாள் உழைப்பு. மிளகாயைக் காம்பு கிள்ளி மொட்டை மாடியில் காயப்போட்டது, மல்லியைப் புடைத்துக் கல் பொறுக்கியது, விரலி மஞ்சளை நசுக்கியது, துவரம்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம் என்று ஒவ்வொன்றையும் அதனதன் பதத்தில் தனித்தனியாக வறுத்தது, வானம் கறுத்தபோதெல்லாம் 71 வயதில் மாடிப்படி ஏறி இறங்கியது... எல்லாம் அதில் அடக்கம்.

மில்காரர் பத்து நிமிடத்தில் அரைத்துக் கொடுத்து, எடை பார்த்து, காசை வாங்கிக் கல்லாவில் போட்டார். அவர் செய்தது தொழில். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

மூன்று நாளாக அம்மா செய்தது? அரை மணி நேரத்துக்கு முன்புதான் அதற்கு நான் ஒரு பெயர் சொல்லிவிட்டு வந்திருந்தேன். 'சும்மா.'

*

இந்தச் 'சும்மா'வைப் போல ஒரு சொல் வேறு மொழியில் இருக்குமா தெரியாது. காரணமில்லாமல் வந்தாலும் 'சும்மா வந்தேன்'தான். விளையாட்டுக்குச் சொன்னாலும் 'சும்மா சொன்னேன்'தான். வாயை மூடு என்பதற்கும் 'சும்மா இரு'. தாயுமானவர் போன்ற ஞானிகளோ, சும்மா இருப்பதைவிடக் கடினமான நிலையே இல்லை என்று அதற்காக ஏங்கினார்கள்.

ஆனால், நம் வீட்டுக் கதைக்கு வேண்டியது இரண்டே அர்த்தங்கள். ஒன்று, காசில்லாமல்: 'சும்மா குடுத்தாங்க.' இன்னொன்று, வேலையில்லாமல்: 'சும்மா உட்கார்ந்திருக்கான்.'

இந்த இரண்டும் எங்கேயோ ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன என்று நினைக்கிறேன். அம்மா காசு வாங்காமல், அதாவது சும்மா செய்கிறார். அதனால் அவர் சும்மா இருப்பதாக ஆகிவிட்டது.

வார்த்தைதானே, இதில் என்ன வந்தது என்கிறீர்களா?

உங்கள் வீட்டில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள். "சும்மாதானே இருக்கே..." இந்த வாக்கியம் என்றைக்காவது, "...கொஞ்சம் படுத்து எழுந்திரு" என்று முடிந்ததுண்டா? "கரன்ட் பில்லைக் கட்டிட்டு வந்துடு", "கேஸ்காரன் வருவான், வாங்கி வை", "பையனை டியூஷன்ல விட்டுடு" என்றுதானே முடியும்? சும்மா இருப்பவர் தலையில்தான் எல்லா வேலையும் வந்து விழுகிறது!

இன்னொரு இடம், டாக்டரின் அறை. கழுத்து வலி, மூட்டு வலி என்று போகிறோம். "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்கிறார் டாக்டர். "வேலைக்கெல்லாம் போகலை சார், வீட்லதான்." தண்ணீர்க் குடம் தூக்குவது, நின்றபடியே நாலு மணி நேரம் அடுப்படியில் கழிவது, படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் போடுவது... எதுவும் டாக்டர் காதுக்குப் போகாது. நோயின் காரணத்தை அந்த ஒரு பதிலே மறைத்துவிடுகிறது.

*

அமெரிக்காவில் பெஞ்சமின் லீ வோர்ஃப் என்று ஒருவர் இருந்தார். மொழியும் சிந்தனையும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று எழுதிப் புகழ் பெற்றவர். ஆனால், அவருடைய பிழைப்பு அதுவல்ல. ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஒரு தீ காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. எங்கே தீப்பிடித்தது, எப்படிப் பிடித்தது என்று ஆராய்வதுதான் அவர் வேலை.

பெட்ரோல் நிரம்பிய டிரம்கள் இருக்கும் இடத்தில் எல்லோரும் கவனமாக இருப்பதை அவர் பார்த்தார். பக்கத்திலேயே காலி டிரம்கள் அடுக்கியிருக்கும் இடத்திலோ அலட்சியமாக சிகரெட் பிடித்தார்கள், துண்டை அங்கேயே வீசினார்கள். காலிதானே! உண்மையில் ஆபத்து அங்கேதான் அதிகம். காலி டிரம்முக்குள் பெட்ரோல் இல்லை, ஆவி இருக்கிறது. அது வெடிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆவியை, 'காலி' என்ற சொல் இல்லாமலே ஆக்கிவிட்டது. சொல்லை நம்பிச் சிகரெட்டைப் பற்றவைத்தார்கள்.

வோர்ஃப் பிற்பாடு சொன்ன பெரிய பெரிய முடிவுகளை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. மொழி நம் கண்ணை முழுதாகக் கட்டிவிடும் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால், சொல் எந்தப் பக்கம் கை காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் நாம் முதலில் திரும்புகிறோம். அது காட்டாத பக்கம் திரும்ப நமக்கு ஏதாவது ஒரு அடி விழவேண்டியிருக்கிறது.

'சும்மா' என்பது நம் வீட்டுக் காலி டிரம்.

*

நாம்தான் பேச்சுவாக்கில் சொல்கிறோம், அரசாங்கம் சரியாகக் கணக்கெடுத்திருக்கும் என்று நினைக்கிறீர்களா?

வேலை நிலவரத்தை அறிய மத்திய அரசு தொடர்ந்து நடத்தும் ஆய்வில், வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. மாதச் சம்பளக்காரர் என்றால் 31. வேலை தேடுகிறவர் 81. வீட்டு வேலை மட்டும் செய்கிற பெண், 92. அதோடு வீட்டுத் தேவைக்காக விறகு பொறுக்கினால், துணி தைத்தால் 93. இந்தக் கடைசி இரண்டு எண்களும், உழைப்பாளர் படையில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் வருகின்றன.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இன்னும் மோசம். வீட்டு வேலை செய்யும் பெண்கள், பிச்சையெடுப்பவர்கள், பாலியல் தொழிலில் இருப்பவர்கள், சிறைக் கைதிகள் எல்லோரும் 'உழைக்காதவர்கள்' என்று ஒரே பிரிவில் இருந்தார்கள். இதைச் செய்தவர்களுக்கு யார் மீதும் வெறுப்பு இருந்திருக்காது. 'சம்பளம் இல்லையா? அந்தப் பெட்டியில் போடு' என்று போட்டிருப்பார்கள். பெட்டியைச் செய்த விதத்திலேயே கோளாறு.

உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.கே.கங்குலி 2010 ஜூலையில் ஒரு வழக்கில் இதைக் கண்டித்து எழுதினார். விபத்தில் இறந்த ஒரு குடும்பத் தலைவிக்கு எவ்வளவு இழப்பீடு என்பதுதான் வழக்கு. கீழே தீர்ப்பாயம் கொடுத்தது 2.5 லட்சம் ரூபாய். உச்ச நீதிமன்றம் அதை 6 லட்சமாக்கியது.

யோசித்துப் பாருங்கள். அந்த அம்மா உயிரோடு இருந்தவரை அவர் வேலைக்கு மதிப்பே இல்லை. மதிப்புப் போட ஒரு விபத்து தேவைப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், வீட்டு உழைப்பை எப்படியெல்லாம் மதிப்பிடலாம் என்று ஒரு விபத்து வழக்கில் விரிவாக எழுதியிருந்தார். அதுவும் ஒரு தாயின் மரணத்துக்குப் பிறகு வந்த தீர்ப்புதான்.

பொருளாதார நிபுணர் பிகு, 1920-ல் வெளியான தன் புத்தகத்தில் இந்தக் கோளாறை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். ஒருவர் தன் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டால் என்ன ஆகும்? அதே பெண், அதே சமையல், அதே துவைக்கிற துணி. ஆனால் சம்பளம் நின்றுவிடும். உடனே நாட்டின் வருமானம் குறைந்துவிடும்! நூறு வருடமாகியும் அந்தக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

*

கேள்வியை மாற்றிக் கேட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

2019-ல் மத்திய அரசு நாடு முழுவதும் ஒரு நேரக் கணக்கு ஆய்வு நடத்தியது. 'வேலைக்குப் போகிறீர்களா?' என்பதோடு நிறுத்தாமல், 'நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், அதன் பிறகு என்னென்ன செய்தீர்கள்?' என்று கேட்டார்கள். வீட்டுக்காகச் சம்பளமில்லாத வேலை செய்தவர்கள் பெண்களில் 81.2 சதவிகிதம், ஆண்களில் 26.1 சதவிகிதம் என்று தெரிந்தது. செய்தவர்களிலும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம்.

299 நிமிடம் என்றால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஞாயிறும் உண்டு, தீபாவளியன்று இன்னும் கூட. நாடும் மாறவில்லை, பெண்களும் மாறவில்லை. கேட்ட கேள்வி மாறியது, அத்தனை மணி நேரமும் வெளியே வந்து விழுந்தது.

2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் புள்ளிவிவரங்களைக் கையில் எடுத்துக்கொண்டுதான், வீட்டை நடத்தும் பெண்களுக்கும் ஒரு வருமானத்தைக் கணக்கிட்டு இழப்பீடு தரவேண்டும் என்று சொன்னது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், ஊரில் குடும்பத்தைக் காப்பாற்றிய மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 'அவர் சம்பாதித்தார், இவர் சும்மா இருந்தார்' என்ற பழைய கணக்கை நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஏற்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருவதாகக் காஞ்சிபுரத்தில் தொடங்கிய தமிழக அரசின் திட்டம் உங்களுக்குத் தெரியும். அதன் அரசியலை விடுங்கள், பணம் போதுமா போதாதா என்பதையும் விடுங்கள். பெயரை மட்டும் கவனியுங்கள். 'உதவித் தொகை' என்று இல்லை, 'உரிமைத் தொகை' என்று இருக்கிறது. உதவி என்றால் கை தாழ்ந்து வாங்க வேண்டும். உரிமை என்றால் வரவில்லையே என்று கேட்கலாம். பணம் வராத மாதம் அலுவலகத்துக்குப் போய், "எனக்கு ஏன் வரலை?" என்று நிமிர்ந்து கேட்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லின் பலம் தெரியும்.

பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள் ஐஸ்லாந்துப் பெண்கள். 1975 அக்டோபர் 24 அன்று நாட்டுப் பெண்கள் எந்த வேலையும் செய்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். அலுவலக வேலை மட்டுமில்லை, சமையல், பிள்ளை வளர்ப்பு, எதுவும் கிடையாது. அதற்கு 'வேலைநிறுத்தம்' என்று பெயர் வைத்தால் பலர் தயங்குவார்கள் என்று, 'பெண்களின் விடுமுறை நாள்' என்று வைத்தார்கள். லீவு எடுப்பதை யார் தப்பு சொல்ல முடியும்? சுமார் 90 சதவிகிதப் பெண்கள் கலந்துகொண்டார்கள். அப்பாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார்கள். மறு ஆண்டே சம உரிமைச் சட்டம் வந்தது.

அன்றைக்கு ஒருநாள்தான் அந்த ஊர்ப் பெண்கள் நிஜமாகவே சும்மா இருந்தார்கள். நாடு நின்றுவிட்டது.

*

அப்படியானால் சொல்லை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. 'இல்லத்தரசி' என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்தோம்! கஜானாச் சாவி இல்லாத அரசி. கல்யாண பயோடேட்டாக்களில் இப்போது 'ஹோம் மேக்கர்' வந்திருக்கிறது. பெயர் மாறிய வீட்டிலும் பாத்திரம் அதே கைதான் கழுவுகிறது.

அழகான சொல்லைவிட, நிஜத்தைச் சொல்கிற சொல்தான் நமக்கு வேண்டும்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி வேலைக்குப் போகிறவர். "வீட்டு வேலையில உதவி செய்வீங்களா?" என்று யாராவது கேட்டால், "ஓ, நிறைய உதவி செய்வேனே" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் மகள் கேட்டாள்: "அப்பா, நீங்க சாப்பிட்ட தட்டை நீங்க கழுவுறது எப்படிப்பா அம்மாவுக்கு உதவி?"

பதில் சொல்லத் தெரியவில்லை. 'உதவி' என்று சொல்லும்போதே, வேலை அவருடையது, நான் பெரிய மனது பண்ணி வந்திருக்கிறேன் என்று ஆகிவிடுகிறதே. இப்போதெல்லாம் 'என் பங்கு' என்று சொல்லிப் பழகுகிறேன். சொல்வது சுலபம், சொல்லிவிட்டால் செய்யாமல் தப்பிக்க முடியவில்லை என்பதுதான் கஷ்டம்.

நம் பத்திரிகையும் யோக்கியமில்லை. போட்டிக் கூப்பனில் 'தொழில்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். இதை எழுத உட்கார்ந்தபோது, அலுவலகத்தில் கட்டிவைத்திருந்த பழைய கூப்பன்களைப் பிரித்துப் பார்த்தேன். கோலப் போட்டியில், சமையல் போட்டியில் பரிசு வாங்கிய வாசகிகள் பலர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். ஒருவர் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறார். அவர் அனுப்பியது பத்து வகைத் துவையல் குறிப்பு!

அடுத்த இதழிலிருந்து அந்தக் கட்டம் இருக்காது. அதற்குப் பதிலாக, 'ஒருநாளில் நீங்கள் செய்யும் வேலைகள்' என்று நாலு வரி இடம் விடப்போகிறோம். ஆண்களும் நிரப்பலாம். இடம் போதவில்லை என்றால் தனித்தாள் இணையுங்கள். யார் தனித்தாள் இணைக்கிறார்கள் என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.

அதற்கு முன் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளியில், வங்கியில், ஆஸ்பத்திரியில், 'அம்மா என்ன பண்றாங்க?' என்று உங்கள் பிள்ளையிடம் யாராவது கேட்டால், பிள்ளை என்ன சொல்லும் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்களேன். அந்தப் பதிலை அதற்குச் சொல்லிக்கொடுத்தது நாம்தான்.

*

வங்கிக் கதை அங்கே முடியவில்லை. கையெழுத்து பொருந்தவில்லை, புதுப் படிவம் வேண்டும் என்று மறுபடி கூப்பிட்டார்கள். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அம்மா, தொழில்னு கேட்டிருக்காங்க, என்ன எழுத?" என்றேன்.

அவர் நிமிரக்கூட இல்லை. "சும்மா எதையாச்சும் எழுதேன். அதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?"

இந்த முறை யோசித்துத்தான் எழுதினேன். 'சமையல், வீட்டு நிர்வாகம். 51 ஆண்டு அனுபவம்.'

கவுன்ட்டரில் அதே பெண். படித்துவிட்டுச் சிரித்தார். "நல்லா இருக்கு சார். ஆனா சிஸ்டத்துல இப்படி இல்லையே" என்று சொல்லி, திரையில் மேலும் கீழும் தேடிவிட்டு, 'ஹவுஸ் ஒய்ஃப்' என்பதைத் தட்டினார். பிறகு மெதுவாக, "எங்க அம்மாவுக்கும் நான் இதைத்தான் சார் போட்டேன்" என்றார்.

திரும்பி வரும்போது வண்டியில் அம்மா கேட்டார்: "என்னத்தடா எழுதின, அந்தப் பொண்ணு சிரிச்சுது?"

சொன்னேன். சிக்னல் வரை ஒன்றும் பேசவில்லை. பச்சை விழுந்து வண்டியைக் கிளப்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்ல எட்டு வருஷம் சமைச்சேனே, அது என்ன சும்மாவா?"

அன்புடன்,
ஆசிரியர்